கரடிப் பெட்டியின் காவலன்

அன்புள்ள அம்மாவுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், இந்த மலைப் பூங்காவின் கூடார முகாமில் கழிப்பறைக் காகிதம் வழங்கும் பதவிக்கு உன் மகன் க்ளைட் ஏகமனதாகத் தேர்வாகியிருக்கிறான். வேறு யாரும் போட்டியிடவில்லை. நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? வீட்டு ஏக்கமா, எனக்கா? சேச்சே!

போன வாரம் ஒரு கரடி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. பயப்படாதே, என்னைவிடச் சாது. உடனே மேற்பார்வையாளர் டார்லீன் கூடாரங்களைச் சோதித்து, நீ துவைத்துக் கொடுத்த தலையணை உறையை உருவி எடுத்தாள்.

"வெறும் துணிதானே?" என்றேன்.

"லாவெண்டர் சோப்பு வாசம் மலையையே தூக்குது. கரடிக்கும் மூக்கு இருக்குடா, மகராசா! கரடியால திறக்க முடியாத அந்த இரும்புப் பெட்டியில போடு."

சாப்பாட்டுச் சாமான்களோடு அதுவும் உள்ளே போனது. அன்றிலிருந்து பெட்டிக்கு நானே காவல். தாழ்ப்பாளைச் சரிபார்க்க அடிக்கடி போகிறேன். "இப்படிப் பொறுப்பான பையன நான் பார்த்ததே இல்ல" என்று டார்லீன் முகாம் முழுக்கச் சொல்கிறாள்.

அந்தச் சோப்பில் ஒரு கட்டி அனுப்பு. உறையில் இப்போது பன்றி இறைச்சி வாசம்தான் அடிக்கிறது. டார்லீன் கூப்பிடுகிறாள், போக வேண்டும்.

உனக்கு மட்டும் சொல்கிறேன்: தாழ்ப்பாளை நான் பார்ப்பதே இல்லை. பெட்டியைத் திறந்து, அந்த உறையில் கொஞ்ச நேரம் முகத்தைப் புதைத்துவிட்டு மூடுகிறேன்.

க்ளைட்