கடைசி அத்தியாயம் ஏறுகிறது, அக்கா

அக்கா, இந்த மடலை யாரிடமும் கொடுத்து வாசிக்கச் சொல்லிவிடாதீர்கள். உங்களுக்கு வரும் கடிதத்தையெல்லாம் வழியில் போகிறவர்களைக் கூப்பிட்டு வாசிக்க வைப்பீர்களே, அது இதற்கு வேண்டாம். எழுதி முடித்ததும் நானே மெதுவாக வாசித்துவிட்டுக் கிழித்துவிடுகிறேன். அப்பாவுக்குத் தெரிந்தால் நான் தொலைந்தேன்.

உங்கள் ஹெட்போன் என் கழுத்தில் கிடக்கிறது. அடக்கம் கழிந்து உங்கள் தங்கச்சி கொண்டுவந்து தந்தார். அதன் பஞ்சில் இன்னும் நீங்கள் தேய்க்கும் காய்ச்சின எண்ணெய் மணக்கிறது. மாட்டினால் போதும், உங்கள் தையல் கடையில் துணிக்குவியல் மேல் உட்கார்ந்திருக்கிறேன்.

சர்க்கரை நோய் உங்கள் பார்வையைப் பறித்தபோது நீங்கள் ஒரு நாவலைப் பாதிவரை வாசித்திருந்தீர்கள். நாகர்கோவில் கண்ணாஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் சொல்லித்தான் அந்த இலவச ஒலிநூலகம் தெரியவந்தது. டாக்டர் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று கொடுத்தோம், அவ்வளவுதான். போனிலேயே புத்தகங்கள் வந்தன. அங்கே நீங்கள் பாதியில் விட்ட அந்த நாவல் மட்டும் இல்லை.

"நான் வாசிச்சுத் தரட்டாக்கா?" என்றேன்.

"எனக்கு மட்டும் வாசிச்சா நான் ஒருத்திதான் கேப்பேன். அங்க ஏத்திவிடு மக்கா. என்ன மாதிரி எத்தன பேரு கதையில்லாம இருக்காவளோ!"

அந்த ஒலிநூலகத்தாரும் வாசிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். பக்கம் புரளும்போதெல்லாம் எண்ணைச் சொல்ல வேண்டும், மீன்காரரின் ஹாரன் அடங்கும்வரை நிறுத்த வேண்டும் என்று நானும் பழகிக்கொண்டேன். ஒவ்வொரு பதிவையும் முதலில் கேட்பது நீங்கள்தான். ஒருநாள் கேட்டுக்கொண்டிருந்த நீங்கள் சட்டென்று ஹெட்போனைக் கழற்றினீர்கள்.

"ஏட்டி, இந்தப் பெண்ணு இப்பந்தான் பஸ்ஸுக்கு நிக்கா. அதுக்குள்ள பிள்ள பெத்துட்டாளா?"

"புக்குல அப்பிடித்தான்க்கா இருக்கு."

"அறுபத்தொண்ணு கழிஞ்சா அறுபத்திநாலா வரும்? இடையில உள்ள மாப்பிள்ளைய நீ தின்னுட்டியா?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். முந்தின நாள் சக்கைப்பழச் சுளை தின்ற கையோடு புரட்டியிருக்கிறேன். அந்தப் பசையில் இரண்டு தாள்கள் ஒட்டிக்கிடந்தன. எண்களை என் வாயாலேயே சொல்லியும் எனக்கு உறைக்கவில்லை. தேங்காய் எண்ணெய் தொட்டுத் தாளைப் பிரிக்கச் சொல்லித் தந்துவிட்டு, "லைப்ரரி புக்காக்கும், கிழியாம சூச்சிச்சுப் பிரி" என்று சிரித்துக்கொண்டே இருந்தீர்கள்.

ஒரே ஒரு அத்தியாயம் பாக்கி இருக்கும்போது போய்விட்டீர்கள்.

முழுப் புத்தகமும் வந்தால்தான் ஒலிநூலகத்தார் அதை எல்லாருக்கும் திறந்துவிடுவார்கள். எனக்கோ வேதியியலில் மார்க் குறைந்துவிட்டது. அப்பா போனை பீரோவில் வைத்துப் பூட்டினார். "பரிட்சைக்கு இருக்கியவளுக்குக் கதப் புக்கு எதுக்கு? நாளைக்குக் காலத்த லைப்ரரியில நான் கொண்டு குடுத்திருவேன்" என்று நாவலையும் பைக் பெட்டியில் போட்டார். இதை விட்டால் வேறு பிரதி எங்கேயும் கிடைக்காது. அதனால் இன்று ராத்திரி இரண்டு சாவிகளையும் எடுத்தேன். போர்வைக்குள் வாசித்து முடித்தேன். குரல் உடைந்துவிடுமோ என்று பயந்திருந்தேன், உடையவில்லை. கதையில் அந்தப் பெண் திரும்பி வரவே மாட்டாள் என்று பந்தயம் கட்டினீர்களே, தோற்றுப்போனீர்கள் அக்கா. வந்துவிட்டாள், மழையில் நனைந்துகொண்டு. அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்து இரண்டு முறை திரும்பப் பதிய வேண்டியதாயிற்று.

இப்போது அது ஏறிக்கொண்டிருக்கிறது. சிக்னல் மோசம், அதற்குள்தான் இதை எழுதுகிறேன். நேற்று வகுப்பில் டீச்சர் பாடத்தை வாசிக்கச் சொன்னபோது, "பக்கம் நூற்றுப் பன்னிரண்டு" என்று தொடங்கிவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாக இல்லை. யாரோ கேட்கிறார்கள் என்றே வாசிக்கிறேன், எதை வாசித்தாலும்.

பூதப்பாண்டியிலோ மணவாளக்குறிச்சியிலோ கண் தெரியாத யாரோ ஒருவர் நாளைக்கு

கதவைத் தட்டுகிறார்கள். "ஏட்டி, உறங்கலியா?" அப்பாதான்.

அக்கா, ஏறிவிட்டது. முழுசாக ஏறி