பதினோரு மணிக்குப் பேசும் வயிறு

மார்ச் 3

ஒலிப்புத்தக வாசிப்பில் எனக்குக் கிடைத்த முதல் பெரிய நாவல் இது. இன்று கதாநாயகி சாகும் காட்சி. “அவள் மூச்சு நின்றது” என்று படித்துவிட்டு மௌனமாக இருந்தேன். அந்த மௌனத்தில் கர்ர்ர் என்றது என் வயிறு. கண்ணாடிக்கு அப்பால் இருந்த ஒலிப்பதிவாளர் (நான் வைத்த பெயர் பாம்புக்காது) தலையைத் தூக்கினார். “மேடம், செத்தவங்களுக்குப் பசிக்குது.”

சிரித்துவைத்தேன். உள்ளுக்குள் அழுகை.

மார்ச் 4

காலையில் வெள்ளை ரொட்டி வழக்கத்தைவிட இரண்டு துண்டு கூடுதலாக, ஆப்பிள் ஜூஸ் ஒரு டம்ளர். பதினோரு மணிக்கு மறுபடியும் கச்சேரி! பதிப்பாளர் போனில் சொல்லிவிட்டார்: மாதக் கடைசிக்குள் முடியாவிட்டால் வேறு குரல் பார்ப்பாராம். விட்டுவிடுவேனா?

மார்ச் 5

அண்ணி மருத்துவமனையில் உணவு ஆலோசகர். கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “சக்கையைத் தூக்கிப் போட்டுட்டு சாறை மட்டும் குடிச்சா எப்படிடீ தாங்கும்? நார்ச்சத்து தண்ணியை இழுத்து வச்சுக்கிட்டு வயித்துல மெதுவா நகரும். பசி லேட்டாத்தான் எட்டிப் பாக்கும். ஓட்ஸ் சாப்பிடு, பயறு சாப்பிடு. பழத்தைத் தோலோட தின்னு. ஆனா கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டு, தண்ணி நிறையக் குடி.”

கொஞ்சம் கொஞ்சமாகவா? நானா?

மார்ச் 6

ஒரு பெரிய கிண்ணம் நிறையக் கொண்டைக்கடலை. பசிக்கவே இல்லை, உண்மை. ஆனால் இன்று வந்த சத்தம் வேறு — ஐயோ, இங்கே எழுதக்கூட மானம் போகிறது. பாம்புக்காது எழுந்து வந்து, என் அறைக் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டுப் போனார்.

மார்ச் 7

அண்ணியிடம் சொன்னேன். “நான் என்ன சொன்னேன், நீ என்ன பண்ணே!”

மார்ச் 12

சின்னக் கிண்ணத்தில் ஓட்ஸ், பெரிய டம்ளரில் தண்ணீர். பொறுமை, மகளே.

மார்ச் 18

இரண்டு கரண்டி பயறும் சேர்த்தாயிற்று. பதினொன்றரை வரை வயிறு கப்சிப். அட!

மார்ச் 24

அதே சாவுக் காட்சி. மணி பன்னிரண்டு. “அவள் மூச்சு நின்றது.” மௌனம். நான் மூச்சு விடவில்லை, வயிறும்தான். பாம்புக்காது கட்டைவிரலை உயர்த்தினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். “முடிஞ்சது மேடம். பதிப்பாளருக்கு அனுப்பி—”

கர்ர்ர்.

என் வயிறு இல்லை. அவர் காது சிவந்துவிட்டது.

“காலைல என்ன சாப்பிட்டீங்க?”

“ஜூஸ்தான் மேடம்.”

பையிலிருந்த பேரிக்காயை எடுத்து நீட்டினேன். “தோலைச் சீவிடாதீங்க.”