அவன் பல், என் விரல்

குட்டிம்மாவுக்கு,

நலமா? அம்மாவுக்கு முட்டி வீக்கம் வடிந்ததா? கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பதறாதே. என் வலது கையில் கட்டு, வேறொன்றுமில்லை.

என் அறையில் இருக்கும் லாரிக்காரன் உன் போன கடிதத்தைப் பிரித்து, எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்துச் சிரித்தான். வாயிலேயே ஒரு குத்து விட்டேன். அவன் முன்பல் தெறித்தது, என் விரல் முட்டி கிழிந்தது. சின்னக் கீறல்தானே என்று துணியைச் சுற்றிக்கொண்டு இறைச்சிக் கூடத்துக்கு எலும்பு வெட்டப் போய்விட்டேன். மறுநாள் கை பூசணியாக வீங்கி, சிவப்பு முழங்கை வரை ஏறி, காய்ச்சல் தூக்கிப் போட்டது.

கதவில் நசுங்கியது என்று டாக்டரிடம் சொன்னேன். "கதவுக்குப் பல்லு இருக்காய்யா? இது மனுஷன் வாய்க் கிருமி. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா விரலையே எடுத்திருக்கணும்" என்று திட்டிக்கொண்டே கீறிச் சீழை எடுத்தார். நான் போட்ட அலறலில் இரண்டு பேர் அமுக்கிப் பிடித்தார்கள். அதில் ஒருவன் அந்தப் பல் போனவன்.

இப்போது எனக்குச் சோறு ஊட்டுவதும், இதை எழுதுவதும் அவன்தான். "நல்லா குத்தினேன்னு எழுதுடா" என்றேன். எழுதிவிட்டான்.

கை அகலமான பழைய சட்டை ஒன்று அனுப்பு, கட்டு எதிலும் நுழையவில்லை. லாரி எடுக்க நேரமாகிறது என்று பறக்கிறான், அதனால் இன்னும் ஒன்றே ஒன்று. அவனுக்கு வீட்டிலிருந்து கடிதமே வருவதில்லை. அடுத்த முறை அவனுக்கும் இரண்டு வரி எழுது. உரக்கப் படிக்கட்டும்.

உன் புருஷன்