தொண்டைக்கும் அதே சொல்

பெங்களூர்
8-7-1958

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மச்சானுக்கு இருமல் எப்படி இருக்கிறது? ஜின்னிங் பேக்டரியின் பஞ்சுத்தூசு அவரை விடாது போலிருக்கிறது. அவர் ஞானஸ்நானம் எடுக்கவில்லை என்று உங்கள் கல்யாணத்துக்கு நான் வரவில்லை. நீ ஒரு கடிதத்திலும் அதைக் கேட்டதில்லை.

போதகர் படிப்பில் இந்த வருஷம் எபிரேயு பாஷை. நாம் ‘ஆத்துமா’ என்று வாசிக்கும் இடத்தில் எபிரேயருடைய சொல் ‘நெபெஷ்’. தொண்டைக்கும் அதே சொல்லாம்! மூச்சு, பசி, முழு ஆள் எல்லாவற்றுக்கும் அதுதான். கிரேக்க ஞானிகள் சிலரோ உடம்பு சிறை, சாவுதான் ஆத்துமாவுக்கு விடுதலை என்றார்கள். உடம்பை விட்டு ஆத்துமா பறந்துபோகும் என்று சபையில் நாம் இத்தனை நாள் பாடியது யாருடைய பேச்சு என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

உன் தம்பி,
ராசப்பன்

வேலம்பாளையம்
20-7-1958

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். “அப்ப எனக்கு ஆத்துமாவுலதான் பஞ்சு அடைச்சிருக்குதான்னு தம்பியக் கேளு புள்ள” என்றார். ஆட்டுக்கும் அந்தச் சொல் உண்டா என்றும் கேட்கச் சொன்னார். டாக்டர் வேலையை விடச் சொல்லிவிட்டார். இவர் விடுகிற ஆளா?

எனக்கும் ஒரு கேள்வி. உடம்பு சிறை என்றால், அவர் மூச்சுக்குத் திணறும்போது நான் எதற்கு முதுகைத் தேய்த்துவிட வேண்டும்? அந்தக் கிரேக்கர்களுக்குப் பெண்டாட்டி பிள்ளைகள் இருந்தார்களா?

அக்கா மயிலாள்

பெங்களூர்
2-8-1958

அன்புள்ள அக்காவுக்கு,

ஆட்டுக்கும் அதே சொல்தான், மீனுக்கும்கூட. மச்சான் கேட்டதை வகுப்பில் சொன்னேன். ஆசிரியர் சிரிக்கவில்லை. அந்த மனிதருக்கு எபிரேயு புரிந்துவிட்டது என்றார். எபிரேயர் கணக்கில் மனிதனுக்குள் ஆத்துமா தனியாகக் குடியிருப்பதில்லையாம், மனிதனே ஆத்துமாவாம். கிரேக்கரிலும் ஒருவர், கண்ணுக்குப் பார்வை எப்படியோ உடம்புக்கு உயிர் அப்படி என்றிருக்கிறார்.

நீ முதுகைத் தேய்த்துவிடு அக்கா.

ராசப்பன்

வேலம்பாளையம்
3-2-1959

தம்பி,

போன செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் அவர் போய்விட்டார். தந்தி கொடுத்தும் உனக்குப் பரீட்சை என்று பதில் வந்தது. அவருடைய ஆட்கள் தங்கள் மயானத்தில் அடக்கம் செய்தார்கள். நம் சபை உபதேசியார் வீடுவரை வந்தார். ஞானஸ்நானம் இல்லாத ஆத்துமாவுக்கு ஜெபம் பண்ண வழியில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் காலம் வரும்போது நான் அவர் பக்கத்தில் கிடக்க வேண்டும். கொழுந்தன் கருப்புசாமியிடம் சொன்னேன். “பக்கத்துலயே உங்களுக்கு எடம் உட்டிருக்குதுங்க” என்றார். ஆனால் அங்கே படுத்தால் எந்தப் போதகரும் வரமாட்டார் என்கிறார் உபதேசியார். அடுத்த வருஷம் நீ போதகர் ஆகிவிடுவாய். நீ வருவாயா? எபிரேயர் சொன்னதா கிரேக்கர் சொன்னதா, எது சரி என்று எனக்குத் தெரியாது. நீ என்ன சொல்கிறாய் என்று எழுது.

மயிலாள்

பெங்களூர்
11-2-1959

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று நாள் அகராதிகளோடு உட்கார்ந்திருந்தேன். நீ கேட்டதற்கு அவற்றில் பதில் இல்லை. ஆசிரியரிடம் போனேன். “சரி என்று எழுதினால் உனக்குப் போதகர் அங்கி கிடைக்காமலே போகலாம், யோசித்து எழுது” என்றார்.

வருவேன் அக்கா. அங்கி இல்லாவிட்டால் தம்பியாக வந்து நானே ஜெபம் பண்ணுவேன்.

அதற்கு எத்தனையோ வருஷம் இருக்கிறது. இப்போது வெள்ளிக்கிழமை ரயிலுக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். பரீட்சையைச் சாக்காக வைத்து வராமல் இருந்தேன். அது பொய். மச்சானை உயிரோடு பார்க்காத முகத்தை உன்னிடம் காட்டப் பயந்தேன்.

ஸ்டேஷனுக்கு வராதே. நானே வழி விசாரித்து வீட்டுக்கு வருகிறேன். அவர் இருக்கும் இடத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போ.

ராசப்பன்