சம்மதம் என்று சொன்ன வாய்

ஐப்பசி, அமாவாசைக்கு மறுநாள்.

கோட்டையில் என் துபாஷி வேலை இன்றோடு போயிற்று. அடிமையாகக் கப்பலேறுகிறவர்களிடம் சம்மதம் கேட்க வேண்டும் என்பது ஒல்லாந்தர் சட்டம். அவர்கள் தமிழில் சொல்லும் பதிலைத் துரைக்கு நான் அவர் மொழியில் சொல்ல வேண்டும். இந்தப் பஞ்சம் முழுக்க, யார் என்ன சொல்லி அழுதாலும் "சம்மதம்" என்றே சொல்லிவந்தேன். பதிவேடு எழுதும் துரையின் உத்தரவு அது.

இன்று மேலிடத்திலிருந்து ஒரு துரை விசாரிக்க வந்திருந்தார். பசியாவரம் குப்பத்துப் பெண் ஒருத்தியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

"நான் இன்னாத்துக்கு என்னை வித்துக்கணும்? கருவாடு காயவெச்சிக்கினு இருந்தேன், வாயைப் பொத்தித் தூக்கிக்கினு வந்துட்டானுங்க. எங்க நைனா தேடிக்கினு இருப்பாரு, ஐயா!"

எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, அதை அப்படியே சொல்லிவிட்டேன். எழுதுகிற துரையின் முகம் வெளுத்தது. வந்தவர் அவளை விடச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "இதற்கு முன் போனவர்கள்?" என்றார். என் கண் பதிவேட்டுக்குப் போயிற்று.

"நாளை முதல் நீ வராதே."

பதிவேட்டுத் துரையை அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

படகுத்துறை வரை அவளோடு நடந்தேன். பாதி வழியில் நின்று கேட்டாள்: "என்கூட ஒரு காட்டூர் பொண்ணு இருந்துச்சே, அது எங்க ஐயா?"

அந்தக் காட்டூர்ப் பெண்ணுக்கும் நான்தான் சம்மதம் சொன்னேன். அவளை ஏற்றிய கப்பல் நேற்றே போய்விட்டது.

"ஊருக்குப் போயிட்டாம்மா" என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. "அப்ப நாளைக்கே காட்டூருக்குப் போயி அவளைப் பாத்துட்டு வரேன்."

நான் தலையாட்டினேன்.