வருஷத்துக்கு ஒருநாள் வெள்ளைச் சேலை

பதுளைத் தோட்டம்,
ஆடி, 1921

அம்மாவை விழுந்து கும்பிட்டு எழுதுகிறேன். மூட்டுவலி தேவலையா? நான் சுகம்.

எழுத்துத் தெரியும் என்று, தேயிலைக் கொழுந்து பறித்த என்னைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலைக்குப் போட்டார்கள். கூலி அதேதான். புண் கழுவவும் கக்கூஸ் கழுவவும் ஒரே வாளி.

நேற்று வெள்ளைக்கார டாக்டர் துரை பார்வையிட வந்தார். எனக்கு வெள்ளைச் சேலை கொடுத்து உடுத்தச் சொன்னார்கள். “பதுளையில ரெண்டு வருஷம் படிச்ச நர்ஸுங்க தொரை” என்று மருந்து கலக்கும் ஐயா கூசாமல் புளுகினார். துரை போனதும், “சேலைய மடிச்சுக் குடு, அடுத்த வருஷம் வேணும்” என்றார். சீ!

கை கழுவ இரண்டு சவுக்காரக் கட்டி அனுப்புங்கள். ஊரில் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்தவர் நீங்கள். தொப்புள்கொடியை எங்கே கட்டி எங்கே அறுப்பது என்று விவரமாக எழுதுங்கள். தபால்காரர் கிளம்புகிறார். பக்கத்து லயத்து வீட்டு மூக்காயிக்கு அடுத்த மாதம் பிரசவம். பார்க்கப்போவது நான்.

உங்கள் மகள்,
சின்னப்பொண்ணு