வாசல் அறைக்கு ஒரு தனிப் பெட்டி

செப். 8, திங்கள்

வெயில். புழுக்கம். எழுதும் அளவுக்கு என்னிடம் ஒன்றும் இல்லை, மன்னிக்கவும். யாரிடம் கேட்கிறேனோ. இது எங்கள் கம்பெனியின் பிரிண்டிங் யூனிட்டில் கோணலாக வெட்டுப்பட்டுக் கழித்த டைரி. எடைக்குப் போக இருந்தது.

வேலை: பட்டாசுக் கம்பெனிக்கு வைஃபை கன்ட்ரோலர் தேர்வு. வாசலில் ஆள் வந்துபோவதை எண்ணும் அட்டை ரீடர்கள் அதை நம்பித்தான் ஓடும். முதலாளிக்கு அறிக்கை எழுதுவது நான். போவது மேனேஜர் பெயரில். வெடிமருந்து ஷெட் பக்கம் எதுவும் வைக்கக் கூடாது. வாசல், பேக்கிங், ஆபீஸ் மட்டும்.

மாட்யூல்: ஆபீசின் பெரிய நெட்வொர்க் சுவிட்சில் காலி இடத்தில் செருகுவது. இடம் மிச்சம், வயர் மிச்சம். சுவிட்ச் நின்றால் அதுவும் நிற்கும்.

தனிப் பெட்டி: வாசல் அறையிலேயே வைக்கலாம். அங்கே சோலார் பேட்டரி, கரண்ட் லைனோடு தொடர்பே இல்லை.

இடி கேட்டால் இங்கே எல்லோரும் ஷெட்டை விட்டு வெளியே வர வேண்டும். ஆபீசில் மெயினை இறக்கி, யுபிஎஸ்ஸையும் அணைத்து, வயர்களைப் பிடுங்கிவிடுவார்கள். ஆள் எண்ண வேண்டியதும் அந்த நேரத்தில்தான். ஆகவே தனிப் பெட்டி. ஒன்றரைப் பக்கம் எழுதினேன்.

செப். 9, செவ்வாய்

கன்ட்ரோலர் விற்கும் மதுரை ஏஜெண்ட் வந்தார். காரியாபட்டியில் வேறு வேலை முடித்து வந்ததால் தாமதமாம். கையோடு மாட்யூல். ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கலாம் என்று செருகியும் விட்டார். என் ஒன்றரைப் பக்கத்தின் மேல் டீ கிளாஸ்.

மேனேஜர்: "ஏம்மா, வருசத்துல நாலு நா இடிக்குங்கிறதுக்குத் தனிப் பெட்டியா?"

மேடத்துக்கு இடி என்றால் பயம் போல என்றார் ஏஜெண்ட். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் இன்னும் எரிகிறது.

வாசலில் அட்டை ரீடர்கள் மேலெல்லாம் மருந்து அடைத்த கைகளின் வெள்ளிப் பவுடர். மேனேஜர் சொல்லி ஒரு நோட்டீஸ் அடித்து எல்லா ஷெட்டிலும் ஒட்ட வைத்தேன். "கை கழுவிய பிறகே அட்டையைக் காட்டவும்." எழுத்து பெரிதாக, அழகாக வந்தது.

செப். 10, புதன்

ஷாம்பு, பேனா ரீஃபில், அம்மாவுக்குத் தைலம்.

அம்மா இதே கம்பெனியில் ஒன்பதாம் ஷெட்டில் மருந்து அடைக்கிறாள். அவள் ஃபேக்டரி வேன், நான் டவுன் பஸ். ஆபீசில் யாருக்கும் தெரியாது. சேர்ந்த அன்றே சொல்லிவிட்டாள். "வாசல்ல என்னயப் பாத்தா பேசாத தாயி. மருந்து அடைக்கிறவ மகளான்னு கேப்பாக."

நான் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை.

செப். 11, வியாழன்

மதியம் மூன்று மணிக்கு இடி. ஆபீசில் மெயினை இறக்கினார்கள், வயர்களைப் பிடுங்கினார்கள். வாசலுக்கு ஓடினேன். நான்கு ரீடர் திரையிலும் வட்டம் சுற்றிக்கொண்டே நின்றது, எண்ணிக்கை வரவில்லை. நான் எழுதியது எழுதியபடி.

மழையில் வாட்ச்மேன் வாயால் எண்ணினார். ஒரு முறை ஒன்று குறைந்தது, மறுமுறை சரியாக வந்தது. சரியாக வந்ததையே வைத்துக்கொள்ளச் சொன்னார் மேனேஜர். பாதிப் பேர் வேனில் ஏறியாயிற்று. குறைந்தது யார் என்று சொல்ல எதுவும் இல்லை.

எனக்குத் தெரியும். வந்ததிலிருந்து ஒரு முகத்தைத்தானே தேடினேன். வாய் திறந்து கேட்டிருக்கலாம். வேன் ஜன்னல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். இன்னொரு இடி.

பிறகு வந்தாள். தனியாக, மழையில், இரண்டு கையையும் விரித்துப் பிடித்துக்கொண்டு. ஷெட்டுக்குப் பின்னால் தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தாளாம். ஏன் இவ்வளவு நேரம் என்று வாட்ச்மேன் திட்டினார்.

"போர்டு போட்டுருக்குல்லண்ணே. மிசினு அழுக்காச்சுன்னா ஆபீசுப் பிள்ளயத்தான வைவாக."

என்னைப் பார்க்காமல் வேனில் ஏறினாள்.

செப். 12, வெள்ளி

ஒன்பதாம் ஷெட் நோட்டீஸைக் கிழிக்கச் சொன்னேன். எல்லாவற்றையும். என் எழுத்து.

மேனேஜரிடம் நேற்றையதைச் சொன்னேன், அந்த ஆள் யார் என்பதைத் தவிர. "எல்லாரும் வெளிய வந்துட்டாகல்ல? அப்பறம் என்னம்மா?" மாட்யூல் சோதனையில் குறையில்லை என்று எழுதித் தரச் சொன்னார். சீசன் நேரத்தில் முதலாளியைக் குழப்பக் கூடாதாம்.

எழுதவில்லை. தலைவலி என்றேன். இதற்கும் ஒரு பொய்.

வீட்டில் அம்மா கைக்குத் தைலம். குழம்பில் உப்பு கூடிப்போயிற்று.

செப். 13, சனி

மேகம். மேனேஜர் லீவு. முதலாளி பதினொரு மணிக்கு வருவார். நேரில் நின்றால் எனக்குப் பேச்சு வராது. கடிதம். மூன்று முறை கிழித்தாயிற்று. சுவிட்ச், பேட்டரி, ரீடர், எல்லாம் சரியாக இருக்கிறது. படித்தால் யாரோ யாருக்கோ எழுதியதுபோல.

கடைசி வரி இன்னும் அதில் இல்லை. முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

ஐயா, வியாழக்கிழமை எண்ணிக்கையில் வராமல் நின்றவர் ஒன்பதாம் ஷெட் முத்துமாரி. அவர் என் அம்மா. தனிப் பெட்டியை வாசல் அறையில் வைத்துத் தாருங்கள்.